பண்புசார் ஆய்வு முறைகள் – எட்டு வாரப் பயிற்சி எப்படி இருந்தது?

கல்வி ஆய்வுக்கான பண்புசார் முறைகளை, அதாவது எண்களை வைத்து அல்லாமல் நேர்காணல், நேரடிக் கவனிப்பு மூலம் ஆராயும் வழிகளைச் சொல்லித்தரும் எட்டு வார ஆன்லைன் பயிற்சியைப் போன வாரம்தான் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகச் சேருங்கள், ஆனால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதும் என்று அவர்கள் சொல்வதை நம்பி வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மணி நேர நேர்காணலைக் கேட்டு வரிக்கு வரி எழுதி முடிக்கவே எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது.

களக்குறிப்பு, அதாவது களத்தில் பார்த்ததை அப்படியே எழுதிவைப்பது, அதைச் சொல்லித்தரும் வாரத்துக்காகவே சேரலாம். வகுப்பறை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தார்கள்" என்று எழுதி அனுப்பினேன். பயிற்றுநர் அந்த வரியை அடித்துவிட்டு, "ஆர்வம் எதில் தெரிந்தது? கண்ணில் பட்டதை எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பினார். சரி என்று மறுபடி பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி மூன்று முறை கையைத் தூக்கி இறக்குகிறாள், ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறார், அதற்குப் பிறகு அவள் தூக்கவே இல்லை. முதல் தடவை இதை நான் பார்க்கவே இல்லை! தேர்ச்சி விழுக்காட்டில் அந்தக் கை எங்கே வரப்போகிறது?

தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்க, சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த முறையை நன்றாகவே விளக்கினார்கள்: தரவு சேர்க்கும்போதே அலசி, அடுத்து யாரிடம் கேட்பது என்பதை அதிலிருந்து முடிவு செய்வது.

கோடிங் பாடம்தான் சுமார் (நிரல் எழுதுவது இல்லை, நேர்காணலின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு பெயர் போடுவது). தரவில் உள்ள கருப்பொருள்களைக் கண்டெடுக்க உளவியலாளர்கள் பிரானும் கிளார்க்கும் 2006இல் சொன்ன ஆறு கட்டங்களை ஸ்லைடில் ஓட்டிவிட்டு நேராக மென்பொருளுக்குத் தாவிவிட்டார்கள். தரவைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதானே முதல் கட்டம், அதற்கே நேரம் தரவில்லை. நான் அச்செடுத்து ஓரத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது, "பயம்" என்று போட்டிருந்த இடங்களில் பாதி, கூட இருப்பவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

அப்புறம், ஆய்வு நெறிமுறைக்கு மொத்தமே அரை மணி நேரம். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் குழந்தை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், அதைச் சொன்னார்கள். ஆனால் பாடம் நடத்தும் ஆசிரியரே ஆய்வாளராக வந்து நின்றால் அந்தக் குழந்தை எப்படி வேண்டாம் என்று சொல்லும்? இரண்டு முறை கேட்டும் பதில் வரவில்லை. மென்பொருள் வாரத்தைப் பாதியாக்கி இதற்குக் கொடுங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.