ராணி எறும்பு என்று விற்றார்கள், வந்தது ராணியே இல்லை

வீட்டில் எறும்புக் கூட்டம் வளர்க்க ஆசைப்பட்டு, இணையத்தில் ராணி எறும்பு விலைக்குத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என் அக்கா மகன் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் தங்கி ஏழாம் வகுப்பு படிக்கிறான். வாசல் வேப்பமரத்தில் கட்டெறும்பு ஏறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பான். 2025 ஜூனில் அவன் பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "சித்தி, எறும்புக் கூடு வாங்கித் தாங்க" என்றான்.

தேடியதில் ஒரு விற்பனையாளர் கிடைத்தார். கட்டெறும்பு ராணி ஒன்று, வேலைக்கார எறும்புகள் பன்னிரண்டு, அக்ரிலிக் கூடு ஒன்று, மொத்தம் 2,400 ரூபாய். ஒரு படமும் அனுப்பினார். நீலத் துணி மேல் ஒரு டெஸ்ட் டியூப், உள்ளே பெரிய கறுப்பு எறும்பு, பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக ஒரு குவியல். "முட்டை நிறைய இருக்கு சிஸ்டர், நல்ல ராணி" என்றார். ஜிபேயில் பணத்தைப் போட்டேன். பில் கேட்கவில்லை.

பார்சல் வர ஐந்து நாள் ஆனது. வழியில் பஞ்சு நழுவித் தண்ணீர் சிந்தியிருந்தது. மூன்று எறும்புகள் அதில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. படத்தில் இருந்த வெள்ளைக் குவியலையும் காணோம். அக்ரிலிக் கூட்டைத் திறந்தால் பசை வாடை மூக்கில் ஏறியது. மொட்டை மாடியில் இரண்டு நாள் காற்றாட வைத்த பிறகுதான் எறும்புகளை அதில் விட மனம் வந்தது.

சர்க்கரைத் தண்ணீர், வெட்டிய கரப்பான் துண்டு என்று பையன் வேளை தவறாமல் வைத்தான். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி இருட்டாக்கினான். ஒரு மாதம் வரை ஒன்றும் இல்லை. விற்றவரிடம் கேட்டால், "ராணி டென்ஷன்ல இருக்கும் சிஸ்டர், தொந்தரவு பண்ணாதீங்க" என்றே பதில் வந்தது. ஐந்தாவது வாரம் நாலைந்து முட்டை தெரிந்தது. பையன் தெருவையே கூட்டிவிட்டான். நான் படம் எடுத்து அனுப்பியதும், "பாத்தீங்களா, ராணிதான்" என்று அவரும் எழுதினார்.

அந்த முட்டையை வைத்துத்தான் நாங்கள் முழுதாக ஏமாந்தோம். எங்கள் தெருவில் வேளாண் கல்லூரியில் பூச்சியியல் படிக்கும் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கைப்பேசியில் லென்ஸ் மாட்டிப் பார்த்தவள், பையன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கித்தான் சொன்னாள்: "அக்கா, இது ராணி இல்ல. பெரிய வேலைக்கார எறும்பு."

கட்டெறும்பில் எல்லா வேலைக்கார எறும்புகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிறியவையும் உண்டு, அகன்ற தலையும் பலமான தாடையும் கொண்ட பெரியவையும் உண்டு. எங்களுக்கு வந்தது அந்தப் பெரிய வகை. ராணியை அடையாளம் காணத் தலையைப் பார்க்கக் கூடாது, தலைக்குப் பின்னால் உள்ள மார்பைப் பார்க்க வேண்டும். ராணி ஒரு காலத்தில் இறக்கையோடு பறந்தவள். பறக்கும் தசைகள் அங்கே இருந்ததால் மார்பு தலைக்கு ஈடாகப் பருத்து, மேலே வளைந்து திரண்டிருக்கும். இறக்கை உதிர்ந்த தழும்பு பக்கவாட்டில் தெரியும். வேலைக்கார எறும்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மார்பு ஒல்லியாகத்தான் இருக்கும், தழும்பும் இருக்காது.

அப்படியானால் முட்டை எப்படி வந்தது? ராணி இல்லாத கூட்டில் வேலைக்கார எறும்புகளே சில சமயம் முட்டையிடும். இணை சேராமல் இடும் அந்த முட்டைகளிலிருந்து ஆண் எறும்புகள் மட்டுமே வரும், அவை எந்த வேலையும் செய்வதில்லை. கூட்டம் பெருக வழியே இல்லை. ஆகவே "முட்டை போட்டாச்சே" என்று யாராவது சொன்னால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் பார்த்த வெள்ளைக் குவியலும் முட்டை இல்லையாம். கட்டெறும்பின் முட்டை மிகவும் சின்னது. அரிசி மாதிரி பெரிதாகத் தெரிவது பட்டுறைக்குள் இருக்கும் கூட்டுப்புழு. ஏதோ ஒரு கூட்டைத் தோண்டி அள்ளி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். உண்மையான ராணிக்குத் தொடக்கத்தில் அந்த அக்ரிலிக் கூடே தேவையில்லை. டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டால் போதும். கட்டெறும்பு ராணி தன் பறக்கும் தசைகளைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். அதுவரை உணவுகூட வேண்டாம். பெரிய கூட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறவர் எறும்பைப் பற்றி அறியாதவர், அல்லது அறிந்தே ஏமாற்றுகிறவர்.

லென்ஸில் எடுத்த படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உத்தரவாதம் 24 மணி நேரம்தான் என்றார். விடாமல் கேட்டதும், "வேணும்னா 3,500 சேர்த்துப் போடுங்க, ஆப்பிரிக்கா பெரிய எறும்பு ராணி தர்றேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. சுமார் 5,000 எறும்புகளை 2,200க்கும் மேற்பட்ட குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்றதற்காக, கென்யாவில் அந்த 2025 மே மாதம்தான் இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்திருந்தது. இவரிடம் அந்த எறும்பு இருந்தால் அது திருட்டுச் சரக்கு, இல்லாவிட்டால் இன்னொரு பொய். இரண்டுக்கும் என் பணம் போகாது.

வெளியூர் எறும்பு என்றால் எங்கள் மாவட்டத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார ஊர்களில் 'யெல்லோ கிரேசி ஆன்ட்' எனும் மஞ்சள் எறும்பு பெருகி, ஆடுமாடு மேய்ப்பவர்கள் பட்ட பாட்டைச் செய்தியில் எல்லோரும் பார்த்தோம். கூட்டிலிருந்து தப்பும் ஒரு ராணி போதும், அப்படி ஒன்று தொடங்க.

முடியாது என்று எழுதியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். விற்றவர் முகவரி, பில் என்று கேட்டபோது என்னிடம் பணம் போன ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருந்தது. நீங்கள் எதை வாங்கினாலும் இந்த இரண்டையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். ராணியின் மார்பு தெரிய, பக்கவாட்டில் எடுத்த படமும் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

மிச்சமிருந்த எறும்புகளை எங்கே விடுவது என்று தெரியவில்லை. எந்த ஊர்க் கூட்டிலிருந்து பிடித்தார்களோ! வேறு கூட்டின் அருகே விட்டால் கடித்தே கொன்றுவிடும். அதனால் பையன் கடைசி வரை தீனி வைத்தான். ஒவ்வொன்றாகக் குறைந்து, கார்த்திகையில் அந்தப் பெரிய தலை எறும்பும் போனது. வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

போன வாரம் வேறு பெயரில் ஒரு புதுப் பக்கம் கண்ணில் பட்டது. அதே டெஸ்ட் டியூப், அதே நீலத் துணி, அதே வெள்ளைக் குவியல். விலை இப்போது 2,900.