எட்டு வாரம், இரண்டு தரப்பு, ஒரு நோட்டு: நான் முடித்த இணைய வகுப்பு பற்றி

குடியேற்றத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ளூர்களில் நடக்கும் இயக்கங்களை இனவரைவியல் முறையில் எப்படி ஆராய்வது என்று சொல்லித்தரும் எட்டு வார இணைய வகுப்பு ஒன்றைப் போன வாரம்தான் முடித்தேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பெயர் போடவில்லை, குறைகளை அவர்களுக்கே நேரடியாக எழுதி அனுப்பிவிட்டேன், திருத்துகிறோம் என்றும் பதில் வந்தது. ஆனால் இதே தலைப்பில் வேறு எந்த வகுப்பில் சேர நினைப்பவருக்கும் நான் பட்டது உதவலாம்.

முதல் இரண்டு வாரம் அறிமுகம். கருத்துக் கணிப்பு எடுக்க வருபவர் ‘வெளியாட்கள் வருவதை ஆதரிக்கிறீர்களா’ என்று கேட்டு டிக் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார், இனவரைவியல் செய்பவரோ அதே இடத்தில் மாதக்கணக்கில் கிடந்து, நாற்காலி அடுக்கி, துண்டறிக்கை மடித்து, கூட்டம் முடிந்து ஆட்கள் வாசலில் நின்று பேசுவதையும் கேட்டு எழுதுவார், இவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொல்ல இரண்டு வாரம் தேவையா என்றால் தேவையில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன், எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் வந்த களக்குறிப்புப் பயிற்சிதான் இந்த வகுப்பின் உயிர். ஏதாவது ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போய், ஆய்வுப் பயிற்சிக்காக வந்திருக்கிறேன் என்று நடத்துபவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கி, உட்கார்ந்து பார்த்து, அன்று இரவே எழுதி அனுப்ப வேண்டும். வேலைக்காக வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தங்கும் விடுதி கட்டலாமா கூடாதா என்று குடியிருப்போர் கூடிய கூட்டம் ஒன்றுக்கு நான் போனேன். நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக எழுதிவிட்டோம் என்ற நினைப்பு வேறு. திரும்பி வந்த தாளில், ‘ஒருவர் கோபமாக எழுந்தார்’ என்ற வரியில் ‘கோபமாக’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, “உங்களுக்கு எப்படித் தெரியும்? குரலா, கையா, முகமா? பார்த்ததை எழுதுங்கள், கோபத்தை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்” என்று எழுதியிருந்தது. அதே பக்கத்தில் ‘ஆதரவாளர்கள்’, ‘எதிர்ப்பாளர்கள்’ என்று நான் பிரித்திருந்த இடத்தில் இன்னொரு வட்டம்: “இந்தப் பெயர்களை அவர்களே வைத்துக்கொண்டார்களா, நீங்கள் வைத்தீர்களா?”

சுருக்கென்றுதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், எழுந்தவர் மேசையைத் தட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கையில் ஒரு தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே பேசினார். விடுதி வேண்டாம் என்றார், ஆனால் கூட்டம் முடிந்ததும் விடுதி வேண்டும் என்று பேசிய பெண்ணின் வண்டியில்தான் ஏறிப் போனார். இதைப் பார்த்திருந்தும் நான் எழுதவே இல்லை, ஏனென்றால் என் இரண்டு கட்டங்களில் எதிலும் அது அடங்கவில்லை. பாடக் காணொளிகளை எல்லாம் சேர்த்தாலும் இந்த இரண்டு வட்டங்கள் கற்றுக்கொடுத்த அளவுக்கு வராது.

இனி குறைக்கு வருகிறேன். இவ்வளவு அழகாக எனக்குச் சொல்லித்தந்தவர்கள் பாடத்திட்டத்தைப் போடும்போது மட்டும் அதை மறந்துவிட்டார்கள். நான்காவது வாரம் ‘ஆதரவு’, ஐந்தாவது வாரம் ‘எதிர்ப்பு’. நேர்க்கோடு போட்டு வெட்டியது மாதிரி. ஆதரவு வாரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். 2021 மே 13 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கென்மூர் தெருவில், இரண்டு பேரைப் பிடித்துப்போக வந்த குடிவரவுத் துறை வேனுக்கு அடியில் ஒருவர் போய்ப் படுத்துக்கொள்ள, அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து தெருவை அடைத்து, சுமார் எட்டு மணி நேரம் கழித்து அந்த இருவரையும் விடுவிக்க வைத்தார்களே, அந்தப் பாடம் பிரமாதம். முதலில் வீட்டிலிருந்து இறங்கி வந்தது யார், கைப்பேசியில் செய்தி எந்த வழியாகப் பரவியது, நாள் முழுக்க நின்றவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எதிர்ப்பு வாரத்தில் வெறும் பதாகைகள்தான். ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2014 அக்டோபரில் தொடங்கிய, இஸ்லாமியர் குடியேற்றத்தை எதிர்க்கும் பெகிடா இயக்க ஊர்வலத்தின் படங்கள், 2015 ஜனவரியில் சுமார் 25,000 பேர் வந்தார்கள் என்ற கணக்கு, முழக்கங்களின் மொழிபெயர்ப்பு, அதோடு சரி. திங்கள்கிழமை தோறும் வேலை முடிந்து வந்து அதை ‘மாலை நடை’ என்று சொல்லிக்கொண்டு நடந்தவர்கள் யாரோடு நடந்தார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள், சிலர் ஏன் நின்றுவிட்டார்கள் என்ற கேள்வியே இல்லை. அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஒப்புதல் கிடையாது. ஆனால் ஒரு தரப்பை ஆட்களாகவும் இன்னொரு தரப்பை அட்டைகளாகவும் காட்டினால் பாதி ஆய்வுதான் நடந்திருக்கிறது.

இதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது, செய்தவர்கள் இருக்கிறார்கள். எல்லை தாண்டி வருபவர்களைத் தடுக்கத் தாங்களாகவே காவலுக்குக் கிளம்பி, அமெரிக்காவின் அரிசோனா எல்லையில் 2005இல் பெரிய அளவில் செய்திக்கு வந்த மினிட்மென் குழுவினரோடு ஹரெல் ஷபிரா என்ற சமூகவியலாளர் நெடுங்காலம் பழகி, பாலைவனத்தில் இரவுக் காவலுக்குக் கூட உட்கார்ந்து எழுதினார். அவர்களில் பலர் வயதான முன்னாள் ராணுவத்தினர். ஆளைப் பிடிப்பதைவிட, பழைய தோழமையும் தனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்ற உணர்வும்தான் பலரை அங்கே உட்கார வைத்தது என்பது அவர் கண்டது. அதே பாலைவனத்தில், எல்லை தாண்டி வருபவர்கள் தாகத்தில் சாகக் கூடாது என்று, 2000இல் தொடங்கிய ஹியூமேன் பார்டர்ஸ் என்ற அமைப்பு நீலக்கொடி நட்டுத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறது, நோ மோர் டெத்ஸ் என்ற இன்னொரு அமைப்பின் ஆட்கள் 2004 முதல் தண்ணீர்க் குடுவைகளைச் சுமந்து போய் வைக்கிறார்கள். ஒரே வெயில், ஒரே முள், இரண்டு வகைத் தொண்டர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! வகுப்பில் இது விருப்ப வாசிப்பில் கடைசி வரியாகக் கிடக்கிறது.

தமிழர்களுக்குப் பரிச்சயமான ஒரு நிகழ்வும் வருகிறது, பிலோவீலா. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உள்ள அந்தச் சின்ன ஊரிலிருந்து 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் தூக்கிப் போனார்கள். அதன்பின் மெல்போர்ன் தடுப்பு மையம், கிறிஸ்துமஸ் தீவு, பெர்த் என்று சுற்றவிட்டு, ஆட்சி மாறிய பிறகு 2022 ஜூனில்தான் ஊருக்குத் திரும்ப முடிந்தது. அவ்வளவு காலமும் விடாமல் போராடியது அந்த ஊர்க்காரர்கள். ஆனால் அது பழமைவாதக் கட்சியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி, குடும்பத் தலைவர் வேலை பார்த்தது உள்ளூர் இறைச்சி ஆலையில். எல்லையை இறுக்க வேண்டும் என்ற கட்சிக்கு வாக்களித்துவிட்டு ‘எங்கள் குடும்பத்தைத் திருப்பித் தா’ என்றும் கையெழுத்து வாங்கிய ஒருவரை நான்காவது வாரத்தில் வைப்பதா, ஐந்தாவது வாரத்தில் வைப்பதா? கலந்துரையாடல் நேரத்தில் கேட்டேன். பயிற்றுநர் சிரித்துவிட்டு நல்ல கேள்வி என்றார். பதில் வரவில்லை. என்னைக் கேட்டால் வகுப்பே இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் அறநெறி. தூக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. களக்குறிப்பு உங்கள் சொந்த டைரி இல்லை, நீதிமன்றம் கேட்கலாம் என்பதை நேராகச் சொல்கிறார்கள். ரிக் ஸ்கார்ஸ் என்ற ஆய்வு மாணவர் விலங்குரிமைச் செயற்பாட்டாளர்களைப் பற்றித் தான் அறிந்ததைச் சொல்ல மறுத்து 1993இல் 159 நாள் சிறையில் இருந்தார். ஸ்காட் வாரன் புவியியல் கற்பித்தவர், நோ மோர் டெத்ஸ் தொண்டரும்கூட. எல்லை தாண்டி வந்த இருவருக்கு இடம் கொடுத்தார் என்று 2018 ஜனவரியில் கைதாகி, முதல் விசாரணையில் நடுவர்களுக்குள் ஒத்த முடிவு வராமல், 2019 நவம்பரில்தான் விடுதலையானார். இதைக் கேட்ட பிறகு நான் என் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். புனைபெயர்தான் போட்டிருந்தேன், ஆனால் பக்கத்திலேயே வண்டியின் நிறமும் கதவில் இருந்த கீறலும். அந்த வட்டாரத்தில் யார் படித்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மீதி வாரங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பேட்டிகளை எழுத்தாக்க அவர்கள் கொடுத்த செயலி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவரை விழுங்கிவிடுகிறது. வாக்குவாதத்தை ஆராய வந்த இடத்தில் இது கொடுமை. கையாலேயே தட்டச்சு செய்தேன், அப்படிச் செய்யும்போதுதான் யார் யாரை மறிக்கிறார் என்பது காதில் விழுந்தது என்பது வேறு விஷயம். சக மாணவர்கள் ஒருவர் மற்றவரின் குறிப்பைத் திருத்தும் ஏற்பாடு சுத்த வீண், எனக்கு வந்த மூன்றில் இரண்டு ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்.

சேர்பவர்கள் மூன்றாவது, ஆறாவது வாரங்களுக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள், நான்கையும் ஐந்தையும் கலந்து படியுங்கள். களக்குறிப்பை அன்று இரவே எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். இரண்டாவது கூட்டத்துக்குப் போய்வந்த இரவு களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டு மறுநாள் எழுதினேன். யார் என்ன பேசினார்கள் என்பது முழுதாக இருந்தது, யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஒன்றுகூட நினைவில் இல்லை.