ஐஐடியா, திறந்தநிலையா?

மன்னார்குடியில் அக்கா மகள் பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வழிகளைப் பார்த்தோம். சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) பட்டம் 2020இல் தொடங்கியது. ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், ஆனால் நான்கு வாரம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேர்வு மையத்தில், நேரில். நடுவில் நின்றாலும், முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் ஆங்கிலத்தில்தான்.

2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பல படிப்புகளைத் தமிழிலேயே படிக்கலாம். அரசுத் தேர்வு எழுத ஒரு பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சரி. சேருமுன் அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

வாசலில் காயும் குறுவை நெல்லுக்குக் காவலிருந்தபடி, யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் ஐஐடி பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கணக்கு பிடித்த பிள்ளை. அவளுக்கு நான் ஐஐடியைத்தான் சொன்னேன்.