மாணவர் மனசு பெட்டி, 14417, 1098: வேலூர்ப் பிள்ளைகளுக்கு எது எந்த அளவு கைகொடுக்கிறது?

வகுப்பில் ஒரு பிள்ளையை நாலு பேர் சேர்ந்து விடாமல் சீண்டினால் அதை வெளியே சொல்ல மூன்று வழிகள் உண்டு: பிள்ளைகள் குறையைச் சீட்டில் எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் மாட்டியிருக்கும் மாணவர் மனசு பெட்டி, பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. மூன்றும் இலவசம்தான். ஆனால் அவை செய்யும் வேலை வேறு வேறு.

முதலில் பெட்டி. விஷயம் அடிதடிக்குப் போகும் முன்பே பிடிக்கக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் எங்கள் மதிப்பில் இதற்கே முதலிடம். பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார விடுவதில்லை என்பதற்கெல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளை போன் போடாது, சீட்டு எழுதும். அதையும் எல்லா இடத்திலும் போட்டுவிடாது. தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டிய பெட்டி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். போடுகிறவனை யாராவது பார்த்துவிட்டால் மறுநாளே ‘போட்டுக் கொடுத்தவன்’ என்ற பெயர் வந்துவிடும். கேமரா பார்க்கும் இடத்துக்கும் இதே கதிதான். நூலகச் சுவர், படிக்கட்டுத் திருப்பம் என்று எல்லாரும் போய்வரும் வழியில் வைக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி, சீட்டுப் போடும் வாய் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் இருக்கட்டும். மடித்த தாள் நுழையும் அகலம் போதும், விரல் நுழைந்தால் சீட்டை யாராவது உருவிவிடுவார்கள். இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியை ஆசிரியரிடமும் இன்னொன்றைப் பெற்றோர் ஒருவரிடமும் கொடுத்துவிட்டால் ‘எங்க சாரைப் பத்தியே எழுதலாமா?’ என்ற பயமும் குறையும்.

கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் பெரியது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாரம் ஒருநாள் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்த சீட்டு கொடுங்கள். எங்கே நடக்கிறது (வகுப்பு, கழிப்பறை, பஸ், விடுதி, வாட்ஸ்அப் குரூப்), எவ்வளவு நாளாக, எனக்கா இன்னொருவருக்கா என்று டிக் மட்டும் போடட்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்களும் வெற்றுச் சீட்டை மடித்துப் போட வேண்டும். எல்லாரும் போடும்போது யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

சீட்டைப் படிப்பவருக்கு இந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளையின் தமிழை ராகம் போட்டுச் சொல்லிக் காட்டுவது, பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளையை ‘மலை’ என்றே கூப்பிடுவது, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவரின் மகள் வந்தால் மூக்கைப் பொத்துவது. இவற்றை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சமபலமுள்ள இருவர் ஒருநாள் முட்டிக்கொண்டால் அது சண்டை. எதிர்க்க முடியாத ஒருவரைத் திரும்பத் திரும்பக் குறிவைத்தால் அது வதை. கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதியைக் காட்டுவதால் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திறந்த பிறகுதான் பல பள்ளிகள் கெடுத்துவிடுகின்றன. காலை வழிபாட்டில் சீட்டை வாசிப்பது ஒன்று. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி ‘கை குடுத்துக்கோங்க’ என்பது இன்னொன்று, அதைவிட மோசமானது. கை கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மிரட்டல் இரட்டிப்பாகும். முதலில், பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். சீண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், கூட்டமாகக் கூப்பிட்டால் ஒரே கதையைச் சொல்வார்கள். சம்பவம் நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில் ஓர் ஆசிரியர் நிற்கட்டும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை விசாரியுங்கள்.

1098 அவசரத்துக்கு. 1996-இல் மும்பையில் தொடங்கிய சேவை இது. 2023-இல் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்கு வந்து அவசர உதவி எண் 112-உடன் இணைக்கப்பட்டது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். காயம், பாலியல் தொல்லை, வீட்டை விட்டு ஓடிவிடும் நிலை என்றால் யோசிக்காமல் கூப்பிடுங்கள். இங்கே ஒரு சிக்கல்: பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. பழக்கத்தில் ‘வேலூர்’ என்று சொன்னால் ஆற்காட்டுப் புகார் தவறான மாவட்டத்துக்குப் போக வாய்ப்புண்டு. ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர் மாவட்டம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளையின் வயது, பள்ளி, எவ்வளவு நாளாக, இப்போது பத்திரமாக இருக்கிறதா என்பதை எழுதி வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் விட்டுப்போகாது. புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் வைக்காதீர்கள்.

14417 பள்ளி சம்பந்தப்பட்ட புகாருக்கு. 14416 மனநல ஆலோசனைக்கு. ஒரு எண் மாறினால் வேறு இடத்துக்குப் போய்விடும். இரண்டுமே தேவைப்படும் பிள்ளைகள் உண்டு.

போனில் நடக்கும் வதைக்கு, குரூப்பிலிருந்து வெளியேறும் முன் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆபாசப் படம் என்றால் அதை ஆதாரத்துக்கென்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள், போனையே கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் காட்டுங்கள்.

கல்லூரி என்றால் எண் வேறு: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பள்ளியில் பெட்டி திறக்கப்படவே இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கலாம். கடைசியாக எந்தத் தேதியில் திறந்தார்கள், எத்தனை சீட்டு இருந்தது, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.