வாய்ஸ்மீட்டர் பனானா: ஒரு கணினி, மூன்று ஒலி அட்டைகள்

மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒலி அட்டை, யூஎஸ்பி துளையில் செருகும் வெளி அட்டை, எச்டிஎம்ஐ வழியே தொலைக்காட்சிக்குப் போகும் ஒலி எனச் சாதாரண வீட்டுக் கணினியிலேயே இன்று இரண்டு மூன்று ஒலி வழிகள் இருக்கின்றன. ஆனாலும் ஒரே பாட்டை இவை அனைத்திலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்ய எல்லோரும் எளிதில் கண்டறியும்படியான வசதி எதையும் விண்டோஸ் தரவில்லை. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலுக்குப் பின் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி ஒலி வழியைக் குறிக்க முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அது பிரித்து அனுப்பும் வசதியே தவிர, ஒன்றைப் பலவாக்கும் வசதி அன்று. ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்ற பதிவு வழியை இயக்கி, ‘லிசன்’ பகுதியில் அதை இன்னோர் அட்டைக்குத் திருப்பிவிடும் பழைய உத்தி சில கணினிகளில் வேலை செய்யும் என்றாலும், இரண்டாவது ஒலிபெருக்கி காதுக்குத் தெரியும் அளவு பின்தங்கியே ஒலிக்கும்.

இந்தக் குறையை நிரப்பும் மென்பொருள்களில் நான் பரிந்துரைப்பது, பிரான்சைச் சேர்ந்த வின்சென்ட் புரெலின் விபி-ஆடியோ நிறுவனம் வெளியிடும் வாய்ஸ்மீட்டர் பனானா. இது ஒலிக்கலவைப் பலகையைக் கணினித் திரையில் கொண்டுவரும் மென்பொருள். நிறுவி முடித்துக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால், ஒலிக் கருவிகளின் பட்டியலில் மெய்நிகர் கருவிகள் (உண்மையான அட்டை இல்லாமல் மென்பொருளாக மட்டும் இருப்பவை) புதிதாகச் சேர்ந்திருக்கும். அவற்றில் ஒன்றை விண்டோஸின் இயல்பான ஒலி வழியாகக் குறித்துவிட்டால் கணினியின் எல்லாச் சத்தமும் முதலில் வாய்ஸ்மீட்டருக்குள் வரும். அங்கிருந்து ஏ1, ஏ2, ஏ3 என்ற மூன்று வழிகளில் மூன்று உண்மையான ஒலி அட்டைகளுக்குப் பிரிந்து செல்லும். வாய்ஸ்மீட்டர் திரையில் அந்த மெய்நிகர் கருவிக்கு உரிய பட்டையில் உள்ள ஏ1, ஏ2, ஏ3 பொத்தான்களை அழுத்தினால் அந்தந்த வழி திறக்கும், மீண்டும் அழுத்தினால் மூடிக்கொள்ளும். கூடத்தில் உள்ள ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்தி ஹெட்ஃபோனில் தொடர்ந்து கேட்பதற்கு ஒரே ஒரு சொடுக்கு போதும் என்பது அன்றாடப் பயன்பாட்டில் மிகப் பெரிய வசதி.

முதல்முறை திறப்பவருக்குத் திரை மிரட்சியைத் தரும் என்பதை மறைப்பதற்கில்லை. கருநீலப் பின்னணியில் சிறு எழுத்துகளும் நெருக்கமான பொத்தான்களும் நிறைந்திருக்க, கூடவே ஒரு கேசட் ரெக்கார்டர் வேறு இருக்கிறது. (அது அலங்காரம் அன்று; உண்மையிலேயே பதிவு செய்யும்.) பாட்டை மூன்று இடங்களில் கேட்க மட்டும் விரும்புபவர், இடப்புறத்தில் மைக்குகளுக்காக உள்ள மூன்று பட்டைகளையும் பொருட்படுத்தத் தேவையில்லை.

அமைப்பின் உயிர்நாடி ஏ1-இல் இருக்கிறது. ஒவ்வொரு ஒலி அட்டையும் தனக்கென ஒரு படிகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) என்பது போன்ற ஒரு கணக்கில் ஒலியை வெளியிடுகிறது. ஆனால் எந்த இரண்டு கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற சிறு வேறுபாடு இருந்தாலே, சரிக்கட்டாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டு அட்டைகளுக்கும் இடையே 180 மில்லிநொடி இடைவெளி விழுந்துவிடும். வாய்ஸ்மீட்டர் ஏ1-இன் கடிகாரத்தையே தன் கடிகாரமாகக் கொள்கிறது. பஜனையில் ஜால்ரா தட்டுபவரை மற்றவர்கள் பின்பற்றுவதுபோல ஏனைய அட்டைகள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஆகவே இருப்பவற்றுள் நம்பகமான அட்டையை, எப்போதும் இணைந்தே இருக்கும் அட்டையை, ஏ1-இல் வைப்பதே முறை. அடிக்கடி பிடுங்கிச் செருகும் யூஎஸ்பி அட்டையையோ, அணைத்து வைக்கப்படும் தொலைக்காட்சியையோ அங்கே வைத்தால் அது மறையும் கணத்தில் மற்ற வழிகளும் தடுமாறும். விண்டோஸின் ஒலி அமைப்புக்குள் சென்று, மெய்நிகர்க் கருவிகள் உட்பட அனைத்துக்கும் நொடிக்கு இத்தனை மாதிரிகள் என்ற வீதத்தை ஒன்றாகவே, 48,000 ஹெர்ட்ஸ் என்று, வைத்துவிடுவதும் நல்லது; சடசடப்புப் புகார்களில் பலவற்றுக்கு இந்த வீதங்கள் வேறுபடுவதே காரணம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே அட்டை டபிள்யூடிஎம், கேஎஸ், எம்எம்இ என்று பல பெயர்களில் தோன்றும்; இவை விண்டோஸில் அட்டைக்கு ஒலியை அனுப்பும் வெவ்வேறு முறைகள். டபிள்யூடிஎம்மில் தொடங்கி, அது ஒத்துவராத அட்டைக்கு மட்டும் எம்எம்இ-க்கு இறங்கலாம். எம்எம்இ-யில் தாமதம் கூடுதல்.

தாமதத்தைச் சரிசெய்யும் இடத்தில்தான் இம்மென்பொருள் பெயரெடுக்கிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி எடுத்துக்கொள்வதால், அடுத்தடுத்த அறைகளில் உள்ள இரு ஒலிபெருக்கிகளுக்கு இடையே பத்துப் பதினைந்து மில்லிநொடி வேறுபாடு இருந்தால் யாருக்கும் உறுத்தாது. அது ஐம்பது அறுபதைத் தாண்டும்போது பேச்சு எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும். பல தொலைக்காட்சிகள் படத்தோடு பொருத்துவதற்காக ஒலியைத் தாமதித்தே வெளியிடுகின்றன. வாய்ஸ்மீட்டரின் அமைப்புத் திரையில் ஒவ்வொரு வெளி வழிக்கும் மில்லிநொடிக் கணக்கில் தாமதம் சேர்க்க இடம் இருப்பதால், முந்தி ஒலிக்கும் அட்டையைப் பிந்தி ஒலிப்பதோடு இணையும்வரை பின்னுக்குத் தள்ளலாம். கைதட்டல் போன்ற கூர்மையான ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இரண்டு தட்டல்கள் ஒன்றாகும்வரை எண்ணைக் கூட்டிச் சென்றால் வேலை முடிந்தது. புளூடூத் ஒலிபெருக்கியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பேன்; அதன் தாமதம் பெரியது மட்டுமன்றி, இணைப்புக்கு இணைப்பு மாறவும் கூடியது.

ஒப்பிட்டுச் சொன்னால், மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்அப்’ செயலிக்குள்ளேயே பல வழிக் கருவி ஒன்றை உருவாக்கி, கடிகார விலகலைத் திருத்தும் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். ஆனால் அதன்பின் விசைப்பலகையின் ஒலியளவு விசைகள் அந்தக் கருவிக்குப் பயன்படுவதில்லை. லினக்ஸில் பல்ஸ்ஆடியோவின் ‘கம்பைன் சிங்க்’ தொகுதி இதை ஒரே கட்டளையில் செய்துவிடுகிறது. இரண்டுமே இலவசம், இரண்டுமே எளிமை. எனினும் ஒவ்வொரு அட்டைக்கும் தனி ஒலியளவு, தனி ஈக்வலைசர், தனித் தாமதம் ஆகியவற்றை ஒரே மென்பொருளில் தருவதில் பனானா இவ்விரண்டையும் விஞ்சி நிற்கிறது.

வாய்ஸ்மீட்டர் எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிவிட்டால் மெய்நிகர் கருவிக்குப் போகும் ஒலி எங்கும் வெளிவராது. கணினி தொடங்கும்போதே இதுவும் தொடங்குமாறு மெனுவில் குறித்துவிடுவது அவசியம். வீட்டுப் பயன்பாட்டுக்கு விலை கட்டாயமில்லை, விரும்பிய தொகையைக் கொடுக்கலாம். இரண்டே அட்டைகள் வைத்திருப்பவருக்கு இதன் சிறிய பதிப்பான வாய்ஸ்மீட்டரே போதும், ஐந்து அட்டைகள் வரை இணைக்க வேண்டியவர் பொட்டேட்டோ பதிப்பை நாடலாம்.