வேலூரில் போதை மீட்புப் பணிக்கு எந்த இணைய வரைபடம்?

ஓபியாய்டு (அபின், ஹெராயின், சில வகை வலி நிவாரணி மாத்திரைகள் போன்றவை) போதைக்கு ஆட்பட்டவர்களைத் தேடிச் சென்று பேசி, சிகிச்சைக்கு அழைத்து வரும் பணியில் இறங்கும் குழுவுக்கு எங்கே போவது, எங்கே அனுப்புவது, எப்படிப் போய்ச் சேர வைப்பது என்ற மூன்று கேள்விகள் முதல் நாளே எழுகின்றன. மூன்றும் இடம் சார்ந்தவை என்பதால் மூன்றுக்கும் வரைபடம் உதவுகிறது. இன்று செலவில்லாமலும் குறைந்த செலவிலும் கிடைக்கும் இணைய வரைபடக் கருவிகள் பல. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இயங்கும் ஒரு சிறிய தன்னார்வக் குழு அவற்றுள் எதை எதற்குப் பயன்படுத்தலாம், எதை எதற்குத் தொடவே கூடாது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இது நம் ஊருக்கு வராத சிக்கல் என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள இயலாது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர், அதாவது 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 2.06 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகை ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் டாபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளின் வழியாகவே நம் காதுக்கு அதிகம் எட்டுகிறது. செய்தித்தாள்கள் ‘போதை மாத்திரை’, ‘போதை ஊசி’ என்று எழுதுபவை பெரும்பாலும் இவைதாம். அளவு மீறினால் மூச்சு ஒடுங்கி உயிர் போகும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி நோயும் தொற்றும்.

கருவிகளுக்குள் நுழையும் முன், எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பணிக்கு ஒரு வரைபடம் போதாது, இரண்டு தேவை. உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று. அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். உதவி யாருக்கு, எந்தப் பகுதியில் தேவைப்படுகிறது என்பதைக் காட்டும் வரைபடம் மற்றொன்று. அது களப்பணிக்குப் பொறுப்பான இரண்டு மூன்று பேரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 27ஆம் பிரிவில் போதைப்பொருளை உட்கொள்வதையே தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது என்றாலும், அந்தப் பாதுகாப்பை நாடி அவர் வருவதற்கு முன்பே அவர் வீட்டின் மேல் நாம் ஒரு புள்ளியை வைத்து, அது வெளியே கசிந்துவிட்டால், காவல் நிலையத்துக்கும் வீட்டு உரிமையாளருக்கும் பெண் கொடுத்த சம்பந்திக்கும் நாமே தகவல் தந்தவர்களாகிவிடுவோம். ஆகவே ஒவ்வொரு கருவியிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது எவ்வளவு அழகாகக் காட்டுகிறது என்பதன்று. இது எவ்வளவு நன்றாக மறைக்கிறது என்பதுதான்.

கூகுள் மை மேப்ஸ் பலருக்கும் முதலில் தோன்றும் தேர்வு. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் (புள்ளிகளின் தனித்தனித் தொகுப்புகள்) வரை வைக்கலாம். எக்செல் பட்டியலைப் பதிவேற்றினால் ஓர் அடுக்குக்கு 2,000 வரிசைகள் வரை ஏற்றுக்கொள்ளும். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றைக் குறித்து, வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால், பெறுபவர் தமக்குப் பழக்கமான கூகுள் மேப்பிலேயே வழியைப் பார்த்துக்கொள்வார். பொதுமக்களுக்கான முதல் வரைபடத்துக்கு இந்தப் பழக்கமே பெரிய பலம். குறைகளும் உண்டு. இதன் ஆண்ட்ராய்டு செயலி 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டதால் திருத்தங்களைக் கணினியில் செய்வதே நடைமுறை. இணையம் இல்லாத இடத்தில் களத்திலிருந்து பதிவு செய்ய இது உதவாது.

இரண்டாவது வரைபடத்துக்கு மட்டும் இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற ஒரே ஒரு தேர்வு, பெயர், முகவரி, குறிப்பு எல்லாம் அடங்கிய முழு அடுக்கையும் திறந்துவிடுகிறது. யார் பார்த்தார், யாருக்கு அனுப்பினார் என்பதை நம்மால் அறிய முடியாது. வசதிக்காக ஒரே வரைபடத்தில் ஓர் அடுக்கில் மருத்துவமனைகளையும் இன்னோர் அடுக்கில் ‘நாம் சந்தித்தவர்கள்’ என்பதையும் வைப்பது நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுதான். ஆனால் இந்தப் பணியில் நடக்கக்கூடிய ஆகக் கொடிய தவறு அதுவே.

அடுத்தது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்ட யூமேப். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடம். யூமேப், அதன் மேல் நம் புள்ளிகளை வைத்துப் பகிர்வதற்கான திறந்த மூலக் கருவி. கணக்குத் தொடங்காமலேயே வரைபடம் உருவாக்கலாம்; பிறகு திருத்துவதற்கென்று ஒரு ரகசிய இணைப்பைத் தரும், அதைத் தொலைத்துவிடக் கூடாது. கூகுளைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் ஊர்ப் பெயர்கள். அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைக் கிராமங்களிலோ பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் குக்கிராமங்களிலோ ஒரு பெயர் விடுபட்டிருந்தாலோ தவறாக இருந்தாலோ, அதை நாமே தமிழில் சேர்க்கலாம், உருதிலும் தெலுங்கிலும் கூடச் சேர்க்கலாம். ஆற்காடு, மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் வரை பல மொழிக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் இந்தப் பகுதிக்கு இது சிறு வசதி அன்று. ஒரு தாய் தன் மகனுக்காகத் தேடும்போது, அவர் வாசிக்கும் எழுத்தில் மருத்துவமனையின் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு பெரிது. ஆனால் இதுவும் பொது வரைபடத்துக்கே உரியது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பது உலகுக்கே திறந்தது என்பதால், ஊர், சாலை, மருத்துவமனை தவிர மனிதர்களைப் பற்றிய எதையும் அதில் எழுதக் கூடாது.

பொது வரைபடத்தில் எண்களை வைப்பதிலும் கவனம் தேவை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலிமானஸ் எண் 14416. இவற்றுக்குப் பக்கத்திலேயே போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் அளிக்கும் 10581ஐயும் போடுவது பல சுவரொட்டிகளில் வழக்கமாக இருக்கிறது. புகார் எண் தேவைதான். ஆனால் அது வேறு தாளில், வேறு வரைபடத்தில் இருக்கட்டும். உதவி கேட்டு வருபவர், தன்னைப் பிடித்துக் கொடுக்கும் எண்ணும் உதவும் எண்ணும் ஒரே கையிலிருந்து வருவதைக் கண்டால் இரண்டையுமே அழைக்க மாட்டார். மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கும் கடைகளை வரைபடத்தில் குறிக்கும் ஆசையும் எழும். அந்தப் புள்ளி போதையைத் தேடுபவருக்குத்தான் முதலில் வழி காட்டும். அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டிய இடம் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

இரண்டாவது வரைபடத்துக்கு நான் பரிந்துரைப்பது கோபோ டூல்பாக்ஸ், க்யூஜிஐஎஸ் ஆகிய இரண்டின் இணை. பேரிடர் நிவாரணப் பணிகளில் உலகெங்கும் பயன்படும் கோபோவில் தமிழிலேயே படிவம் அமைக்கலாம். கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பி வைத்து, பின்னர் அனுப்பலாம். படிவத்தை மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்து, திறவுகோல் உள்ளவர் மட்டும் படிக்கும்படி வைக்கலாம். களப்பணியாளர் ஒருவர் தாம் அனுப்பியதை மட்டுமே காணும்படி உரிமைகளைப் பிரிக்கலாம். 2002இல் தொடங்கிய க்யூஜிஐஎஸ், இலவசமாகக் கணினியில் நிறுவிக்கொள்ளும் வரைபட மென்பொருள். அதை இணையத்தைத் துண்டித்துவிட்டும் இயக்கலாம் என்பதே இந்தப் பணியில் அதன் முதன்மையான தகுதி. கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குப் பொறுமை உள்ள ஒருவராவது குழுவில் இல்லையென்றால், இரண்டாவது வரைபடத்தையே தொடங்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைப்பது மேல்.

கோபோ படிவத்திலும் கைப்பேசி எடுக்கும் இருப்பிடத்தை அப்படியே பதியக் கூடாது. திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியம் தரும். வேலப்பாடியின் ஒரு சந்தில் 5 மீட்டர் என்பது ஒரு வாசற்படி. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் சுமார் 110 மீட்டரையும், இரண்டாம் இலக்கம் சுமார் 1.1 கிலோமீட்டரையும் குறிக்கும். இரண்டு இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டால், எந்தப் பகுதிக்கு, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி தரும் பணியாளரை அனுப்புவது என்று முடிவு செய்யப் போதுமான தகவல் கிடைக்கிறது, வீடு தெரிவதில்லை. இன்னும் நல்லது, இருப்பிடத்தையே எடுக்காமல் வார்டு எண்ணை மட்டும் கேட்பது. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள் உள்ளன; அவற்றை நிறம் தீட்டிப் பார்க்கலாம். ஐந்து பேருக்கும் குறைவாக உள்ள வார்டைப் பக்கத்து வார்டோடு சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் வார்டுக்காரர்களே ‘அது யார்’ என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வண்ண வரைபடத்தைக்கூடப் பொதுவில் வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தெருவுக்குப் ‘போதைத் தெரு’ என்ற பெயர் ஒட்டிவிட்டால், அந்தத் தெருவின் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் முகவரி சொல்லத் தயங்குவார்கள்.

வரைபட மென்பொருள் நிறுவனமான எஸ்ரியின் ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைன் எல்லாவற்றையும்விட வலிமையானது. அமெரிக்காவில் உள்ளாட்சிகள் ஓபியாய்டு நெருக்கடிக்கென்றே அந்நிறுவனம் தரும் ஆயத்த வார்ப்புகளைக் கொண்டு, சிகிச்சை மையங்களையும் மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கும் இடங்களையும் மக்களுக்குக் காட்டுகின்றன. ஆனால் கட்டணச் சந்தா வேண்டும். மாவட்ட நிர்வாகம் எடுத்தால் பொருந்தும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு வேண்டாம்.

அமெரிக்காவின் ஓடிமேப்பைப் பற்றியும் கேட்கப்படுவதால் சொல்கிறேன். வாஷிங்டன்–பால்டிமோர் பகுதிக்கான கூட்டாட்சிப் போதைத் தடுப்பு அமைப்பு 2017இல் தொடங்கிய அந்தக் கருவியில், அளவு மீறி மயங்கி விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேரும் ஆம்புலன்ஸ் ஊழியரோ காவலரோ இடம், நேரம், உயிர் பிழைத்தாரா, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து கொடுக்கப்பட்டதா என்பவற்றைப் பதிகிறார். ஒரு பகுதியில் எண்ணிக்கை திடீரென்று ஏறினால் எச்சரிக்கை போகிறது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இதை நாம் அப்படியே நகலெடுக்க இயலாது. நம் குழுக்களின் கைக்கு 108 ஆம்புலன்ஸின் அன்றாடப் பதிவு வருவதில்லை. வந்தாலும், காவல்துறையும் சுகாதாரத் துறையும் ஒரே திரையைப் பார்க்கும் ஏற்பாட்டை, உட்கொள்வதே குற்றமாக உள்ள நம் சட்டச் சூழலில் நான் விரும்ப மாட்டேன்.

எந்தக் கருவியை எடுத்தாலும் வட ஆற்காடு எனப்பட்ட இந்தப் பகுதிக்கு உரிய இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. ஒன்று எல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாவட்ட எல்லைக் கோப்புகள் பல 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சார்ந்தவை. அவற்றில் ‘வேலூர்’ என்பது 39 லட்சம் மக்களைக் கொண்ட, 2019 நவம்பருக்கு முந்தைய பழைய மாவட்டம். அதில் அரக்கோணமும் அடங்கும், ஆம்பூரும் அடங்கும். இன்றைய எண்ணிக்கையை அந்தப் பழைய மக்கள்தொகையால் வகுத்தால், பாதிப்பு உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைவாகத் தோன்றும்.

மற்றொன்று தொலைவு, இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. போதைப்பொருளுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் வேறு மருந்து தரும் ஓபியாய்டு மாற்று சிகிச்சையில், ப்யூப்ரனார்பின் போன்ற மருந்தை, தொடக்கத்திலாவது தினமும் மையத்துக்கு வந்து ஊழியர் முன்னிலையில் எடுத்துக்கொள்வது வழக்கம். மையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டம் போட்டு, ‘இத்தனை ஊர்கள் உள்ளே வருகின்றன’ என்று காட்டுவது எளிது. தோல் தொழிற்சாலையிலோ பீடி சுற்றியோ நாட்கூலி பெறுபவருக்கு அந்த வட்டம் எதையும் சொல்லவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், மாறி ஏறும் நேரம், வரிசை, திரும்பும் நேரம் எல்லாம் சேர்ந்தால் அரை நாள் கூலி போகிறது. மூன்றாம் நாள் அவர் வருவதை நிறுத்திவிடுகிறார். க்யூஜிஐஎஸ்ஸில் ஓபன்ரூட்சர்வீஸ் என்ற நீட்சியை (பிளகின்) சேர்த்தால், சாலை வழியே 30 நிமிடம், 60 நிமிடத்தில் எட்டக்கூடிய பரப்பை வரையலாம். அது வாகனத்துக்கும் நடைக்கும் கணக்கிடும், நம் நகரப் பேருந்துக்கு அன்று. ஆகவே பேருந்து நேரங்களைக் களப்பணியாளர் கேட்டு எழுதி, கையால் திருத்த வேண்டும்.

மலைப்பகுதிக்கு அந்தக் கணக்கும் உதவாது. 2023இல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் போனதை மாவட்டமே அறியும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகளில் பணி தொடங்குபவர்கள், அங்குள்ள இளைஞர்களோடு நடந்து, ஒற்றையடிப் பாதைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் முதலில் சேர்க்கலாம். அந்தப் பாதைகள் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் சேர்த்தே பயன்படும். அவற்றில் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை.