மடக்கு கீபோர்டும் சர்க்யூட் மென்பொருளும் ஒரே பெட்டியில் விற்கிறார்களா? வாங்காதீர்கள். என் 8,640 ரேண்ட் போய்விட்டது

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் மக்கள், அதிலும் தேவார வகுப்பு, பஜனைக் குழு நடத்துகிறவர்களும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களும் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். மடக்கிப் பைக்குள் வைக்கும் டிஜிட்டல் இசைக் கீபோர்டு ஒன்று, டேப்லெட்டிலேயே சர்க்யூட் வரைய ஒரு மென்பொருள், இரண்டையும் சேர்த்து 'எங்கே போனாலும் உங்கள் ஸ்டூடியோ' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். கீபோர்டுக்கு 5,990 ரேண்ட், மென்பொருளின் 'ஆயுட்கால உரிமத்துக்கு' 2,650 ரேண்ட். ஆக 8,640 ரேண்ட். நேற்று மாலை அவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது: பணம் திரும்பாது. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் இதைத்தான் எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை போட மாட்டேன். பல பேர் கடை விரிக்கும் பெரிய ஆன்லைன் சந்தை ஒன்று. அதற்குள் இசைக்கருவியும் எலக்ட்ரானிக் சாமானும் விற்கும் ஒரு சின்னக் கடை. இவ்வளவு சொன்னால் போதும்.

நான் ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்திலும், வார நாள் மாலைகளில் வெரூலத்திலும், கூப்பிட்டால் டோங்காட்டிலும் பிள்ளைகளுக்குத் தேவாரமும் காவடிப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறி இறங்க இப்போது முதுகு இடம் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு 5 கட்டை, கூடவே உட்காரும் அப்பாமார்களுக்கு 1 கட்டை என்று ஒரே மாலையில் சுருதி மாறும். பட்டனை அழுத்தினால் சுருதி மாறுகிற, எடை குறைந்த ஒரு கீபோர்டு வேண்டியிருந்தது. என் அண்ணன் மகன் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். கீபோர்டோடு இணைக்கிற மாதிரி ஒரு சின்னச் சுருதிப் பெட்டியைத் தானே வடிவமைத்துத் தருகிறேன் என்றான். அவனிடம் லேப்டாப் கிடையாது. ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்தான், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதில்தான் வேலை. அதனால்தான் இந்தப் பெட்டி எங்கள் இருவருக்கும் அப்படிப் பொருந்தியது. பணத்தில் ஒரு பங்கு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்த்துக் கொடுத்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விளம்பரத்தைப் பார்த்தவுடன் பணம் கட்டவில்லை. அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு இளைஞன் எடுத்தான். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும், என் பெயரைக் கேட்டு, "வணக்கம் அக்கா, தமிழிலேயே பேசுங்க" என்றான். டர்பனில் அந்த வயதில் தமிழில் நாலு வாக்கியம் தடுமாறாமல் பேசும் பிள்ளை கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மனசு நிறைந்துபோனது.

அவனிடம் மூன்று கேள்வி கேட்டேன். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், அழுத்தித் தொட்டால் சத்தமாகவும் கேட்குமா? கமகத்துக்கு ஸ்வரத்தை வளைக்க வழி இருக்கிறதா? மென்பொருள் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடி, சர்க்யூட் போர்டு செய்து தருகிற இடத்துக்கு அனுப்பும் கெர்பர் கோப்பைக் கொடுக்குமா? மூன்றுக்கும் "ஆமாம் அக்கா." எழுத்தில் அனுப்பச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அப்புறம் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "1860-ல நம்ம ஆளுங்க எல்லாம் கப்பல்ல ஒண்ணா வந்து இறங்கினவங்க அக்கா. உங்களை ஏமாத்தினா எனக்குச் சோறு இறங்குமா?" நம் மக்களை முதன்முதலாக இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்தான். கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்கள் அவர்கள்.

கார்டில் கட்டினால் 460 ரேண்ட் கூடுதல், உடனடி இ.எஃப்.டி. (வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்புவது) என்றால் 8,640தான் என்று அந்தச் சந்தையின் பக்கத்திலேயே போட்டிருந்தது. இ.எஃப்.டி.யில் கட்டினேன்.

பெட்டி வந்தது. கீபோர்டு பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் சார்ஜ் கேபிள் பெட்டிக்குள் தனியாக இல்லை. ஒட்டி மூடிய ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மென்பொருள் பென்டிரைவோடு சேர்த்து வைத்திருந்தார்கள். உறையைப் பிரிக்காமல் கீபோர்டுக்கு உயிரே வராது. இந்த உறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஏற்றி வாசித்தால் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். அண்ணன் மகன் கேபிளை டேப்லெட்டில் மாட்டி, மிடி எண்களை, அதாவது ஒவ்வொரு தொடுகைக்கும் கீபோர்டு அனுப்பும் எண்களைக் காட்டும் ஒரு இலவசச் செயலியைத் திறந்தான். தொடுகை உணரும் நல்ல கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கீ கீழே போகும்போது முதல் புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் நடுவில் ஆகும் நேரத்தை அளந்து, 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அனுப்பும். இதில் விரலால் தடவினாலும் 100, குத்தினாலும் 100. அடியில் ஒரே ஒரு புள்ளிதான், வெறும் ஸ்விட்ச். ஸ்வரத்தை வளைக்கும் சக்கரமும் கிடையாது; விளம்பரப் படத்தில் சக்கரம் மாதிரி தெரிந்தது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கீகளும் குட்டி. முழு அளவுக் கீபோர்டில் ஒரு ஆக்டேவ் ஏறக்குறைய 165 மில்லிமீட்டர் இருக்கும். இது அதைவிட நன்றாகவே குறைவு. மடக்குகிற இடத்தில் இரண்டு கீகளுக்கு நடுவே விரல் தடுக்குகிறது. இதில் பழகிய பிள்ளை நாளைக்கு உண்மையான கீபோர்டில் கை வைத்தால் விரல் இடம் தவறும்.

மென்பொருள் கதை இன்னும் மோசம். பென்டிரைவில் இருந்தது விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவுகிற கோப்பு. டேப்லெட்டில் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அங்கிளின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அட்டையில் ஏதோ ஒரு புதுப் பெயர், திரையில் வந்து நின்றது கீகேட். 1992இல் பிரான்சில் ழான்-பியேர் ஷரா என்பவர் தொடங்கி, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்திருக்கும் அருமையான மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸில் ஓடும்; ஆண்ட்ராய்டுக்கு அது வெளிவருவதே இல்லை. பிரதி எடுத்துக் காசுக்கு விற்பதை அதன் உரிமம் தடுக்கவில்லை, சரி. ஆனால் பெயரை மறைத்து, டேப்லெட்டில் ஓடும் என்று பொய் சொல்லி, 'ஆயுட்கால உரிமம்' என்று 2,650 ரேண்ட் வாங்குவது திருட்டு. அந்தப் பணத்துக்குப் பையன் ஒரு நல்ல சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வாங்கியிருப்பான்.

இனி அலைக்கழிப்பு. பெட்டி வந்த வாரத்திலேயே, ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள் என்று எழுதினேன். முதலில் அதே தம்பி, "அக்கா, ஃபர்ம்வேர் அப்டேட் வருது, வந்தா சரியாயிடும்" என்றான். இல்லாத தொடுபுள்ளியை எந்த அப்டேட் கொண்டுவரும்? அப்புறம் டெக்னீஷியன் லீவு. அப்புறம் அவன் போனையே எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் வேறொரு பெண், அக்கா போய் 'மேடம்' ஆகிவிட்டது. சந்தைக்காரர்களிடம் போனால், விற்றது நாங்கள் இல்லை, கடையிடம் பேசுங்கள் என்று ஒரு அச்சடித்த பதில். எத்தனை முறை எழுதினாலும் அதே பதில், கீழே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு கோரிக்கை. வங்கியில் கேட்டால், இ.எஃப்.டி.யை நீங்களே அனுமதித்து அனுப்பியிருக்கிறீர்கள், திருப்ப முடியாது. கார்டாக இருந்தால் தகராறு பதிவு செய்திருக்கலாம் என்றார்கள். அந்த 460 ரேண்ட் வித்தியாசம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

நேற்று வந்த கடைசிப் பதில் இதுதான்: மென்பொருள் உறையைப் பிரித்துவிட்டீர்கள், அதனால் முழுத் தொகுப்பையும் திருப்ப முடியாது. வேண்டுமானால் 900 ரேண்டுக்கு எங்கள் கடையில் வேறு சாமான் வாங்கிக்கொள்ளலாம். 8,640 ரேண்டுக்கு 900 ரேண்ட் கூப்பன்!

இந்த இரண்டையும் ஏன் ஒன்றாக விற்கிறார்கள் என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் சொல்கிறது. வாங்கியவர் உறை பிரித்த மென்பொருளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கைக் கீபோர்டின் கழுத்திலும் கட்டத்தான் கேபிளை அந்த உறைக்குள் வைத்திருக்கிறார்கள். தூண்டிலில் புழு மாதிரி அந்தக் கேபிள்.

"பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா" என்று ஏற்கெனவே இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எல்லாம் பார்த்தேன், கேட்டேன், எழுத்திலும் வாங்கினேன். பொய் சொன்னது அவர்கள். ஏமாந்தவரிடம் போய்க் கணக்குக் கேட்பதை நம் மக்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

விடப் போவதில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உறை விலக்கு கிடையாது. பழுதான பொருளையோ, எதற்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்கு உதவாத பொருளையோ 6 மாதத்துக்குள் அவர்கள் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர், கடை இல்லை. நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் போட்டுவிட்டேன். 14 நாள் கெடு வைத்துப் பணம் கேட்கும் கடிதமும் இன்று கிளம்புகிறது. அதற்கும் அசையவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே 20,000 ரேண்ட் வரைக்கும் வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க யாருக்கும் அனுமதியில்லை. அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்லட்டும்.

எச்சரிக்கைகளை விரிவாக எழுத நினைத்தேன், கடிதத்தை அனுப்பப் போக வேண்டியிருக்கிறது. அவசரமாக இவ்வளவு: இ.எஃப்.டி. வேண்டாம், கார்டில் கட்டுங்கள். கீபோர்டு என்றால் கடைக்குப் போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சர்க்யூட் மென்பொருளுக்கு யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் இருந்தால் கீகேட், இல்லையென்றால் பிரவுசரிலேயே ஓடுகிற டிங்கர்கேட் இலவசம், பழகுவதற்கு அது போதும். பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கி, இன்னும் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களா? பிரிக்காதீர்கள். 7 நாள் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே ரத்துக் கடிதத்தை மெயிலில் அனுப்பி, அனுப்பிய நேரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் அவன் தமிழில் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.